மாயூரம் வேதநாயகம் பிள்ளை

புதுவை மாநிலத்தின் பாகூர்ப் பகுதியில், தென்பெண்ணையாற்றை அடுத்துக் குருவிநத்தம் என்னும் சிற்றூர் உள்ளது. வயல் சூழ்ந்த அவ்வட்டாரத்து உழவர் வாய்க்கால் நீரின் இயல்பை நன்கு அறிந்தவர். தலைமடையில் நிலம் உடையவன் நீரை முதலில் பெறுகிறான். ஆனால், முதலில் பெற்றதனாலேயே அந்நீர் முழுவதும் அவனுடையது ஆகிவிடாது. தன் பயிருக்கு வேண்டிய அளவு பாய்ச்சிய பின், மடையைத் திறந்து கடைமடைக்கு விடுதல் அவன் கடமை. அவன் அதனைத் தேக்கி வைப்பானாயின், அவன் பயிரும் அழுகும். அடுத்தவன் பயிரும் கருகும்.

கல்விச் செல்வமும் இத்தகையதே என்பதை அப்பகுதியின் முன்னோர் உணர்ந்திருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னன் காலத்தில், மூன்று ஊர்களின் வருவாய் பாகூரில் இருந்த கல்வி நிலையத்திற்கு அளிக்கப்பட்டது. பாகூர்ச் செப்பேடுகள் இச்செய்தியைத் தெரிவிக்கின்றன. பொருள் பெற்றவர் கல்விக்குப் பொருள் தந்தனர். கல்வி பெற்றவர் பிறருக்குக் கல்வி தந்தனர்.

கிறித்தவ மறையிலும் இக்கருத்தை விளக்கும் உவமை ஒன்று உண்டு. வெளியூர் செல்லும் தலைவன் ஒருவன், தன் ஊழியர் மூவரை அழைத்து, அவரவர் ஆற்றலுக்கு ஏற்பத் தன் செல்வத்தைப் பகிர்ந்து ஒப்படைத்தான். ஒருவன் ஐந்து தாலந்தும், ஒருவன் இரண்டும், ஒருவன் ஒன்றும் பெற்றனர். தாலந்து என்பது அக்காலத்துப் பெருந்தொகை ஒன்றின் பெயர். முதல் இருவரும் தாம் பெற்றதைக் கொண்டு உழைத்து அதனை இருமடங்காக்கினர். மூன்றாமவன் அச்சத்தால் மண்ணில் புதைத்து வைத்தான். திரும்பி வந்த தலைவன், முன்னவர் இருவரையும் ஒரே வகையாகப் பாராட்டினான், புதைத்தவனைக் கடிந்தான். ஐந்து பெற்றவன் செருக்குக் கொள்ளவும் இடமில்லை. ஒன்று பெற்றவன் சோம்பி இருக்கவும் இடமில்லை. ஏனெனில், மூவர் கையில் இருந்ததும் தலைவன் பொருளே.

இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய தமிழ்ப் பெருமக்களுள் ஒருவர் வேதநாயகம் பிள்ளை. அவர் நீதிபதியாக விளங்கினார், கவிஞராக விளங்கினார், தமிழில் முதல் புதினத்தை எழுதிய ஆசிரியராகவும் விளங்கினார். இத்தனை சிறப்பும் ஒருங்கே பெற்ற ஒருவர், தம் நிலையை மறவாமல் எளியோர்க்கு எளியவராய் வாழ்ந்தார் என்பதே அவர் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூர் என்னும் ஊரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் பெயர் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் கிறித்தவ நெறியில் நின்ற குடும்பம் அது. இளமையில் தந்தையாரிடமே எழுத்தறிவு பெற்ற வேதநாயகர், பின்னர்த் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றிய தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். கூர்த்த அறிவும் நகைச்சுவை ததும்பும் பேச்சும் இளமையிலேயே அவரிடம் அமைந்திருந்தன. நினைத்தவுடன் பாடல் புனையும் ஆற்றலும் இயல்பாகவே வாய்த்திருந்தது.

கல்வி முடிந்தபின், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் அவர் அமர்ந்தார். சில ஆண்டுகளில் அதே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அக்காலத்தில் மொழிபெயர்ப்பாளர் பணி பெரும் பொறுப்பு வாய்ந்தது. வழக்காடும் குடிமகனுக்கு ஆங்கிலம் தெரியாது. தீர்ப்பளிக்கும் ஆங்கிலேயருக்குத் தமிழ் சரிவரத் தெரியாது. இருவர்க்கும் இடையே நிற்பவர் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒருவனுடைய நிலமும் வீடும் கைமாறிப் போகும். இரு மொழி அறிந்த ஆற்றல் எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை வேதநாயகர் அங்கே உணர்ந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த அரும்பணி ஒன்று அதற்குச் சான்று பகர்கிறது. 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை உயர்நிலை நீதிமன்றம் அளித்த ஆங்கிலத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் அவர் வெளியிட்டார். ஆங்கிலம் அறிந்த சிலர்க்கே உரியதாய் இருந்த சட்ட அறிவு, இதனால் தமிழ் மட்டும் அறிந்தவர்க்கும் எட்டியது. தாம் அறிந்ததைத் தமக்கே உரிய கருவியாக மறைத்து வைக்காமல், பலர்க்கும் பொதுவாக்கிய செயல் இது.

1857ஆம் ஆண்டில் வேதநாயகர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். முன்சீப் என்பவர் நிலம், கடன், உரிமை முதலியவை பற்றிய வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதி. தரங்கம்பாடி, 1845 வரை டேனிசுக்காரர் ஆட்சியில் இருந்த கடற்கரைப் பட்டினம். பின்னர் அவர் சீர்காழிக்கு மாற்றப்பட்டார். அதன்பின் மாயூரத்திற்கு வந்தார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அவ்வூரில் பல ஆண்டுகள் முன்சீப்பாகப் பணியாற்றியதனால், மாயூரம் என்னும் பெயர் அவர் பெயரோடு பிரியாது இணைந்துவிட்டது.

காவிரி பாயும் வளநாட்டில் நிலவழக்குகளுக்குப் பஞ்சமில்லை. வரப்பு ஒன்று நகர்ந்தாலும் வழக்கு. வாய்க்கால் ஒன்று திரும்பினாலும் வழக்கு. செல்வர் பலர் நீதிபதிகளின் உள்ளத்தைப் பொருளால் வளைக்க முயலும் காலம் அது. கையூட்டை மறுப்பதனால் உடனே வரும் பயன் ஏதுமில்லை. வாங்குவதனால் வரும் செல்வமோ கண்முன் நிற்கும். அத்தகைய சூழலில் வேதநாயகர் நடுவுநிலை பிறழாமல் நின்றார். நீதிமன்றத்தில் அமர்ந்து பிறரைத் தீர்ப்பிடும் தாமும், என்றேனும் ஒருநாள் இறைவன் திருமுன் நின்று கணக்கு ஒப்படைக்க வேண்டியவரே என்னும் கிறித்தவ நம்பிக்கை அவருக்கு அரணாய் அமைந்தது.

1859ஆம் ஆண்டில் அவர் இயற்றிய 'நீதிநூல்' வெளிவந்தது. கடவுள் வாழ்த்துத் தொடங்கி, மக்கள் வாழ்வில் கைக்கொள்ள வேண்டிய அறங்களையும் தவிர்க்க வேண்டிய தீமைகளையும் எளிய செய்யுட்களால் அந்நூல் எடுத்துரைக்கிறது. கைக்கூலி வாங்குவோரைக் கண்டிக்கும் பகுதியும் அதில் உண்டு. நீதிநூல்கள் தமிழில் முன்னரும் பல இருந்தன. எனினும், பதவியில் இருக்கும் ஒருவர், தம்மைப் போன்ற பதவியினர் செய்யும் குற்றங்களை வெளிப்படையாக இடித்துரைத்தல் அருமை. அவ்வாறு எழுதியவர், தாம் எழுதியதற்கு மாறாக நடப்பாராயின் ஊரே நகைக்கும். எனவே, அந்நூலை எழுதியதன் வாயிலாக வேதநாயகர் முதலில் தம்மையே அறத்தின் கட்டுக்குள் வைத்துக்கொண்டார் எனலாம்.

புலமை மிக்கவரிடம் புலமைக் காய்ச்சல் தோன்றுதல் உலக இயல்பு. வேதநாயகரிடம் அக்குறை இல்லை. அக்காலத்தில் தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவராய்த் திகழ்ந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் சைவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் புலவர். வேதநாயகரோ கிறித்தவர். ஆயினும் இருவரும் உயிர் நண்பராய்ப் பழகினர். தம்மினும் கல்வியில் மிக்கவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பதை உணர்ந்து, வேதநாயகர் அவரை மதித்துப் போற்றினார். மகாவித்துவானும் வேதநாயகரின் நற்பண்பில் உள்ளம் ஈடுபட்டு, அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்தூர்க் கோவை' என்னும் நூலை இயற்றினார். கற்றோர் இருவர் ஒருவரை ஒருவர் தாழ்த்தாமல் உயர்த்திய இந்நட்பு, தமிழ் இலக்கிய வரலாற்றில் இனிய ஒரு பகுதி. மகாவித்துவானிடம் பாடம் கேட்ட மாணவருள் புதுவையைச் சேர்ந்த சவராயலு நாயகர் போன்ற கிறித்தவரும் இருந்தனர். தமிழ் என்னும் பொதுவீட்டில் சமய வேறுபாடு சண்டையாக மாறாமல் இருந்தமையை இது காட்டும்.

பதவி உயர்வும் புகழும் வந்தபோது பணிவாய் இருப்பது அரிது. பதவி போனபோது மனம் தளராமல் இருப்பது அதனினும் அரிது. வேதநாயகருக்கு இச்சோதனையும் வந்தது. மேலதிகாரியாய் இருந்த ஆங்கில நீதிபதியோடு எழுந்த மனவேறுபாட்டினால், 1872ஆம் ஆண்டில் அவர் தம் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தாறு. அதிகாரமும் ஊதியமும் ஒருசேர நீங்கின. இல்லற வாழ்விலும் துணைவியரை இழந்த துயரை அவர் கண்டிருந்தார். தம் மதிப்பெல்லாம் பதவியில் இருந்தே வந்தது என்று எண்ணியவராயின், அவர் அன்றே ஒடுங்கிப் போயிருப்பார். ஆனால், இறைவன் தந்த ஆற்றலைப் பறிக்க எந்த மேலதிகாரிக்கும் ஆணை இல்லை அன்றோ? நீதிமன்றத்தை விட்டு வெளிவந்த அவர், எழுத்துப் பணியில் முன்னிலும் மிகுதியாக ஈடுபட்டார். மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் இருந்து ஊருக்குத் தொண்டு செய்தார்.

இந்நிலையில்தான் தாது வருடப் பஞ்சம் நாட்டைத் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை பொய்த்தது, விளைவு குன்றியது, தானியத்தின் விலை ஏழை எட்ட முடியாத உயரத்திற்கு ஏறியது. ஊரை விட்டு ஊர் சென்று கஞ்சிக்குக் கையேந்தியோர் வழியிலேயே விழுந்து மடிந்தனர்.

வேதநாயகர் அப்போது ஊதியம் பெறும் பதவியில் இல்லை. பஞ்ச காலத்தில் கையிலிருக்கும் பொருளைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை என்று உலகம் கருதும். அவ்வாறு செய்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், பசியால் வாடிய மக்களைக் கண்ட அவர் உள்ளம் பொறுக்கவில்லை. தம் செல்வத்தைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். வந்தவர் எச்சமயத்தவர், எக்குலத்தவர் என்று வினவாமல் உதவினார். மாயூரத்தில் வாழ்ந்தவரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடியவருமான கோபாலகிருஷ்ண பாரதியார், இக்கொடையைக் கண்டு வியந்து வேதநாயகரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனம் பாடினார். இறைவனைப் பாடிய நாவால் ஒரு மனிதரைப் பாடச் செய்தது, அம்மனிதர் இறைவன் பெயரால் செய்த தொண்டே ஆகும்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத் தக்கது. அதே பஞ்சத்தில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் ஏழைகளுக்கு உணவளித்தார். வேதநாயகர் அவருடைய கொடையைப் போற்றிப் பாடல்கள் இயற்றினார். தாம் செய்த உதவியைப் பற்றித் தாமே முரசறைந்து கொள்ளாமல், பிறர் செய்த உதவியைப் பாராட்டும் பண்பு உண்மையான பணிவின் அடையாளம். நற்செயல் யாரால் நிகழ்ந்தது என்பதைவிட, நற்செயல் நிகழ்ந்தது என்பதே அவருக்குப் பெரிதாய் இருந்தது.

பஞ்சம் நிலவிய 1878ஆம் ஆண்டிலேயே அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளிவந்தன. எச்சமயத்தாரும் தடையின்றிப் பாடத்தக்க வகையில், எல்லார்க்கும் பொதுவான ஒரே கடவுளை நினைந்து அவர் அக்கீர்த்தனைகளைப் பாடினார். கருநாடக இசைப் பாடகர் பலர் இவற்றை மேடைகளில் பாடி வந்தனர். பொது மக்களுக்காக இவ்வாறு பாடியவர், தம் சமயத்தை மறைத்தாரா எனின், இல்லை. 'சத்திய வேதக் கீர்த்தனைகள்', 'திருவருள் மாலை', 'திருவருள் அந்தாதி', 'தேவமாதா அந்தாதி' முதலிய நூல்களில் தம் கிறித்தவப் பற்றை அவர் தெளிவாகவே வெளியிட்டுள்ளார். தம் சமயத்தில் உறுதியும், பிற சமயத்தாரிடம் அன்பும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டில் செருமனி நாட்டில் வாழ்ந்த பாக் என்னும் இசைமேதை, தாம் இயற்றிய இசைப்பாக்கள் பலவற்றின் இறுதியில், பெருமை இறைவனுக்கே உரியது என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகளைப் பொறித்து வைத்தார். நாடும் மொழியும் வேறாயினும், வேதநாயகர் உள்ளமும் அத்தகையதே. பாடல் தம்முடையது, பாடும் ஆற்றல் இறைவனுடையது என்பதே இருவரும் கொண்ட கொள்கை.

வேதநாயகரின் புகழை இன்றளவும் நிலைநிறுத்துவது 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் நூலாகும். இது 1879இல் அச்சாகி வெளிவந்தது. அதுவரை தமிழில் நெடுங்கதைகள் பெரும்பாலும் செய்யுளிலேயே அமைந்திருந்தன. கற்றவரேயன்றி மற்றவரும் படித்து மகிழத்தக்க உரைநடைக் கதை தமிழில் இல்லாத குறையைக் கண்ட வேதநாயகர், அக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் இந்நூலை எழுதினார். தமிழின் முதல் புதினம் என்று அறிஞர் இதனைப் போற்றுகின்றனர்.

உண்மைப் பணிவு எது என்பதனை இம்முயற்சி நமக்கு விளக்குகிறது. என்னால் என்ன ஆகும் என்று கூறி ஒதுங்கி நிற்பது பணிவு அன்று. அது தாலந்தை மண்ணில் புதைத்தவன் செயல். என்னைப் போல் யார் உளர் என்று மார்தட்டுவது செருக்கு. தம்மிடம் உள்ள ஆற்றலை உள்ளவாறு அறிந்து, நாட்டிற்கு உள்ள தேவையையும் அறிந்து, அத்தேவைக்கு அவ்வாற்றலை உரிமையாக்குவதே பணிவு. கவிஞராய்ப் புகழ் பெற்ற ஒருவர், புலவர் உலகம் பெரிதும் மதியாத எளிய உரைநடையைக் கையில் எடுத்தது, தம் பெருமையைக் கருதாமல் படிப்போர் நலத்தைக் கருதியதனாலேயே ஆகும்.

அந்நூலின் தலைவி ஞானாம்பாள், அறிவிலும் ஒழுக்கத்திலும் சிறந்தவள். கணவன் பிரதாபன் அயல்நாட்டில் சிறைப்பட்டபோது, அவள் ஆண் வேடம் பூண்டு அவனைத் தேடிச் செல்கிறாள். எதிர்பாரா வகையில் அந்நாட்டின் அரசுரிமை அவளை வந்தடைகிறது. அவள் நீதி தவறாமல் ஆட்சி நடத்திக் கணவனையும் மீட்கிறாள். பின்னர் அரசைத் துறந்து அவனோடு இல்லம் திரும்புகிறாள். கையில் வந்த அதிகாரத்தைத் தன் உடைமையாக எண்ணாமல், காக்கக் கொடுத்த அடைக்கலப் பொருளாகவே அவள் கருதுகிறாள். முன்சீப்பாய்ப் பணியாற்றிய ஒருவரின் எழுதுகோலில் இருந்து இக்கதை பிறந்தது என்பதை நினைக்கும்போது, அதன் பொருள் இன்னும் ஆழமாகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்னும் கருத்தையும் அவர் இந்நூலில் வற்புறுத்தியுள்ளார். மக்களுக்குப் புரியாத மொழியில் மக்களுடைய வழக்கு நடைபெறுவதன் தீமையை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

பெண்கள் கல்வி பெறுதல் தகாது என்று பலரும் கருதிய காலத்தில், அது இன்றியமையாதது என்று வேதநாயகர் எழுதினார். 'பெண்மதி மாலை' என்னும் நூலும், பெண்கல்வி பற்றிய அவர் கட்டுரையும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இறைவன் ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவைத் தந்திருக்க, ஒரு பாலாரின் அறிவை மட்டும் இருளில் வைப்பது முறையாகுமா? மனிதர் தம் தாலந்தைத் தாமே புதைப்பது குற்றமாயின், பிறருடைய தாலந்தைப் புதைப்பது அதனினும் பெருங்குற்றம் அன்றோ? ஞானாம்பாளைப் படைத்த ஆசிரியர், பெண்கல்வியைப் போற்றியதில் வியப்பில்லை.

1887ஆம் ஆண்டில் 'சுகுண சுந்தரி' என்னும் மற்றொரு புதினத்தை அவர் வெளியிட்டார். முதுமையும் நோயும் நெருங்கியபோதும் எழுதுகோலைக் கீழே வைக்காத அவர், 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு.

வேதநாயகர் வகித்த பதவி அவருக்கு முன்னும் பலரிடம் இருந்தது; பின்னும் பலரிடம் இருந்தது. அவர் ஈட்டிய செல்வம் பஞ்சத்தில் பசித்தோர் வயிற்றில் கஞ்சியாய்ச் சென்று சேர்ந்தது. அவர் அறிந்த சட்டம் தமிழ் நூலாயிற்று. அவர் பெற்ற கவித்திறம் நீதிநூலும் கீர்த்தனையும் ஆயிற்று. அவர் உள்ளத்தில் ஊறிய நகைச்சுவை, தமிழுக்குப் புதியதோர் இலக்கிய வகையைத் திறந்து வைத்தது. தமக்கென்று தேக்கி வைத்தது ஒன்றுமில்லை.

ஒருவர்க்கு நல்ல குரல் அமையலாம். ஒருவர்க்குக் கணக்கில் கூர்மை அமையலாம். ஒருவர்க்கு வலிய தோள்களும், மற்றொருவர்க்குப் பிறர் துயர் கண்டு இரங்கும் நெஞ்சமும் அமையலாம். அவற்றுள் எதுவும் நம்மால் விலை கொடுத்து வாங்கப்பட்டதன்று. பெற்றதை மறைக்காமலும், பெற்றதைக் குறித்துத் தருக்காமலும், உழைப்பால் அதனை வளர்த்து ஊருக்கு அளிப்பதே தந்தவனுக்கு நாம் செலுத்தும் நன்றி. இந்நெறியில் வாழ்ந்து காட்டிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் புகழ், தமிழ் உள்ளளவும் நிலைத்து நிற்கும்.